சுவர் இல்லாத வெளியில் ஓர் ஒத்திகை

1964-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி, அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரையை ஒட்டிய வாலப்ஸ் தீவிலிருந்து ஸ்கவுட் என்ற சிறிய ராக்கெட் ஒன்று கிளம்பியது. அது சுமந்து சென்ற கலத்தின் பெயர் செர்ட்-1. நிலவுக்கோ செவ்வாய்க்கோ போவதற்காக அது கட்டப்படவில்லை. பூமியை ஒரு முறை சுற்றி வருவதற்குக்கூட அல்ல. சுமார் 4,000 கிலோமீட்டர் உயரம் ஏறிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி விழுவதுதான் அதன் பயணம். அதற்குள் ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் நன்றாக ஓடிய மின்உந்து இயந்திரம் விண்வெளியிலும் ஓடுமா?

இங்கே ஓடியது அங்கே ஏன் ஓடாது என்று கேட்கத் தோன்றும். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் ஒரு சுவர். அந்தச் சுவரின் கதையைத் தெரிந்துகொண்டால், இன்று பொறியாளர்கள் ஒரு விண்கலத்தை அனுப்புவதற்கு முன் அதைச் சுற்றி ஓடப்போகும் பிளாஸ்மாவைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது ஏன் என்பதும் விளங்கிவிடும்.

நெருப்பில்லாத ராக்கெட்

சாதாரண ராக்கெட் எரிபொருளை எரித்து, சூடான வாயுவைப் பின்னால் தள்ளி முன்னே போகிறது. மின்உந்து இயந்திரத்தில் எதுவும் எரிவதில்லை. பாதரசம், சீசியம், செனான் போன்ற ஒரு பொருளின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுத்தால், மிஞ்சுவது நேர்மின்னூட்டம் கொண்ட அயனி. எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்து கிடக்கும் இந்த வாயுநிலைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். நுண்துளைகள் நிறைந்த இரண்டு உலோகத் தட்டுகளுக்கு இடையே ஆயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுத்தால், அயனிகள் வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாயும். அந்தப் பாய்ச்சலின் எதிர்விசைதான் கலத்தைத் தள்ளுகிறது.

தள்ளும் விசை மிகக் குறைவு. 1998-இல் பறந்த டீப் ஸ்பேஸ்-1 கலத்தின் இயந்திரம் முழுச் சக்தியில் கொடுத்த விசை 92 மில்லிநியூட்டன். ஏ4 தாள் இரண்டைக் கையில் வைத்தால் எவ்வளவு கனம் தெரியுமோ அவ்வளவுதான். ஆனால் மாதக்கணக்கில் நிற்காமல் தள்ளும். மிகக் குறைந்த எரிபொருளில் மிக நீண்ட தூரம் போகலாம்.

இந்த எண்ணம் புதியதல்ல. அமெரிக்கர் ராபர்ட் கோடார்ட் 1906-இலேயே தம் குறிப்பேட்டில் இதைப் பற்றி எழுதிவைத்தார். ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி 1911-இல் இதைக் குறிப்பிட்டார். ஹெர்மன் ஓபெர்த் 1929-இல் வெளியிட்ட விண்பயண நூலில் இதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். ஆனால் உண்மையில் ஓடக்கூடிய இயந்திரத்துக்கு 1950-களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிளீவ்லாந்து நகரில் உள்ள நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் ஹெரால்ட் காஃப்மன் என்ற பொறியாளர் பாதரச அயனி இயந்திரத்தை உருவாக்கினார்.

சுவர் மீது விழுந்த சந்தேகம்

இயந்திரம் அயனிகளை மட்டும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நேர்மின்னூட்டம் போய்க்கொண்டே இருக்கும். பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள் கலத்திலேயே தங்கிவிடும். கலம் எதிர்மின்னூட்டம் அடைந்து, தான் அனுப்பிய அயனிகளையே திரும்ப இழுக்கத் தொடங்கும். தள்ளும் விசை ஒன்றுமில்லாமல் போகும். இதைத் தடுக்க, இயந்திரத்தின் வாயருகே எலக்ட்ரான்களை உமிழும் ஒரு சிறு குழலைப் பொருத்தினார்கள். அயனிகள் எவ்வளவு போகின்றனவோ அவ்வளவு எலக்ட்ரான்களும் கூடவே போய்விட வேண்டும் என்பது கணக்கு.

ஆய்வுக்கூடத்தில் இது சரியாகவே நடந்தது. அங்கே இயந்திரம் ஓடுவது காற்று நீக்கப்பட்ட பெரிய உலோக அறைக்குள். அயனிக் கற்றை பாய்ந்து அந்த அறையின் சுவரில் மோதும். மோதியதும் சுவரிலிருந்து எலக்ட்ரான்கள் வரும். அப்படியானால் கற்றையைச் சமன் செய்வது அந்தச் சிறு குழலா, அல்லது சுவரா? ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு உறுதியாகச் சொல்ல வழியில்லை. விண்வெளியில் சுவர் கிடையாது. அங்கே எலக்ட்ரான்கள் கற்றையோடு சேராவிட்டால், அதுவரை செய்த வேலை எல்லாம் வீண்.

செர்ட்-1 சுமந்து சென்ற இயந்திரங்கள் இரண்டு. சீசியத்தில் ஓட வேண்டிய முதல் இயந்திரம் மின்கோளாறால் இயங்கவே இல்லை. காஃப்மனின் பாதரச இயந்திரம் இயங்கியது. 31 நிமிடம் ஓடியது. கலம் சுழலும் வேகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை வைத்து உந்துவிசையைக் கணக்கிட்டார்கள். எதிர்பார்த்த விசை கிடைத்திருந்தது. சுவர் இல்லாமலே எலக்ட்ரான்கள் கற்றையோடு சேர்ந்துகொண்டன.

அந்த 31 நிமிடம் ஒரு துறையையே காப்பாற்றியது. கூடவே ஒரு பாடத்தையும் கற்றுக்கொடுத்தது. ஆய்வுக்கூடச் சோதனை சொல்வது சுவர்களுக்கு நடுவே என்ன நடக்கும் என்பதை மட்டுமே. வெளியே என்ன நடக்கும் என்பதை வேறு வழியில்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெதுவாக வரும் அயனி

1970 பிப்ரவரியில் செர்ட்-2 பறந்தது. இந்த முறை பூமியைச் சுற்றும் கலம். மாதக்கணக்கில் ஓடவேண்டிய இரண்டு பாதரச இயந்திரங்கள் அதில் இருந்தன. முதலாவது சுமார் ஐந்து மாதமும், இரண்டாவது சுமார் மூன்று மாதமும் ஓடி நின்றுபோயின. இரண்டுக்கும் ஒரே நோய். அரிக்கப்பட்ட துளைத்தட்டிலிருந்து உலோகச் சிம்பு ஒன்று பெயர்ந்து இரண்டு தட்டுகளுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. மின்சாரம் குறுக்கே பாய்ந்தது. அதில் ஓர் இயந்திரத்தின் அடைப்பு 1974-இல் விலகியதும், அதை மீண்டும் இயக்க முடிந்தது.

தட்டை அரித்தது யார்? வேகமாகப் பாய்ந்து போன அயனிகள் அல்ல. மெதுவாகத் திரும்பி வந்த அயனிகள்.

இயந்திரத்திலிருந்து வெளிவரும் எல்லா அணுக்களும் அயனியாக மாறியிருப்பதில்லை. கொஞ்சம் சாதாரண வாயுவும் மெதுவாகக் கசிந்து வரும். வேகமாகப் பாயும் அயனி ஒன்று மெதுவான சாதாரண அணு ஒன்றை நெருங்கிக் கடக்கும்போது, அந்த அணுவிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். பறித்தது சாதாரண அணுவாகி அதே வேகத்தில் போய்விடும். பறிகொடுத்தது அயனியாகி அதே இடத்தில் மெதுவாக நிற்கும். இதற்கு மின்னூட்டப் பரிமாற்றம் என்று பெயர்.

மெதுவான இந்த அயனிதான் தொல்லைக்காரன். வேகம் இல்லாததால், பக்கத்தில் எந்த மின்னழுத்தம் இழுத்தாலும் அந்தப் பக்கம் போய்விடும். துளைத்தட்டு இழுத்தால் அதில் மோதி உலோகத்தைப் பெயர்க்கும். தட்டிலிருந்து தப்பியவை கற்றையின் பக்கவாட்டில் விலகி, கலத்தைச் சுற்றி வளைந்து, பின்னோக்கியும் வரும். சூரிய மின்தகடு, கேமராவின் கண்ணாடி, அறிவியல் கருவிகள் என்று எதுவும் அதன் பாதையிலிருந்து தப்பாது. பெயர்ந்த உலோகத்தின் அணுக்களும் அயனிகளாக மாறி இதே வழியில் வந்து படியலாம். எஞ்சின் பின்னால் இருக்கிறது, கேமரா முன்னால் இருக்கிறது, ஆகவே பயமில்லை என்று சொல்ல முடியாது.

தொலைக்காட்சிக்குப் பெயர்பெற்ற செயற்கைக்கோள்

அதே காலத்தில் இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. 1969-இல் ஏவப்பட்ட ஏடிஎஸ்-5 செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போகும்போதெல்லாம், விண்வெளியிலுள்ள எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு பல ஆயிரம் வோல்ட் எதிர்மின்னூட்டம் அடைவது தெரியவந்தது. 1973 ஜூனில் அமெரிக்க விமானப்படையின் தகவல் தொடர்பு செயற்கைக்கோள் ஒன்று இப்படிப்பட்ட மின்னூட்டத்தால் செயலிழந்தது. விண்வெளி வெற்றிடம்தானே என்று அலட்சியமாக இருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

1974 மே மாதம் ஏடிஎஸ்-6 ஏவப்பட்டது. இந்தப் பெயர் தொலைக்காட்சி வரலாற்றில் இடம்பெற்ற பெயர். 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை இந்தியாவின் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இந்தச் செயற்கைக்கோள் வழியாகத்தான் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் போய்ச் சேர்ந்தன. விவசாயம், உடல்நலம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகளை அந்தக் கிராம மக்கள் கூடியிருந்து பார்த்தார்கள்.

அதே செயற்கைக்கோளில் இரண்டு சீசியம் அயனி இயந்திரங்களும் இருந்தன என்பது பலர் அறியாத செய்தி. அவை நீண்ட நாள் உழைக்கவில்லை. நிறுத்திய பிறகு மீண்டும் ஓட மறுத்தன. ஆனால் ஓடிய குறுகிய காலத்தில் முக்கியமான ஒன்றைக் காட்டின. இயந்திரம் இயங்கும்போது செயற்கைக்கோளின் மின்னூட்டம் சில வோல்ட் அளவிலேயே கட்டுக்குள் நின்றது. இயந்திரம் உண்டாக்கிய பிளாஸ்மாதான் கலத்துக்கும் வெளிக்கும் நடுவே மின்சாரம் போய்வர வழி செய்தது. தட்டை அரிக்கும் அதே பிளாஸ்மா, இங்கே காவலாகவும் நின்றது.

ஆகவே கேள்வி இன்னும் நுட்பமானது. பிளாஸ்மா கலத்தைச் சுற்றி எங்கே, எவ்வளவு, எந்த வேகத்தில் ஓடுகிறது? காகிதத்தில் போடக்கூடிய கணக்கு அல்ல அது. 1970-களின் பிற்பகுதியில் நாசாவும் விமானப்படையும் சேர்ந்து நாஸ்கேப் என்ற கணினி நிரலை உருவாக்கச் செய்தன. ஒரு செயற்கைக்கோளின் வடிவத்தையும், அதன் மேல் உள்ள பொருள்களையும் கொடுத்தால், எந்தப் பகுதி எத்தனை வோல்ட் அடையும் என்று அது கணக்கிட்டுச் சொல்லும். சொன்னது சரியா என்று பார்க்க, 1979 ஜனவரியில் ஏவப்பட்ட ஸ்காதா என்ற செயற்கைக்கோளின் அளவீடுகள் கைகொடுத்தன.

மூட்டைக் கணக்கு

பிளாஸ்மாவைக் கணினிக்குள் ஓடவிடுவது எப்படி? ஒரு சர்க்கரைக்கட்டி அளவுள்ள இடத்தில் கோடிக்கணக்கான அயனிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் பின்தொடர எந்தக் கணினியாலும் முடியாது.

ஆனால் ஒரு லாரி அரிசியை யாரும் மணி மணியாக எண்ணுவதில்லையே. மூட்டைக் கணக்கில்தானே எண்ணுகிறோம். அதே வழிதான் இங்கும். கோடிக்கணக்கான அயனிகளை ஒரு மூட்டையாகக் கட்டி, அதை ஒரே துகளாக நடத்த வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்கர் பூனமன், பிரின்ஸ்டனில் ஜான் டாசன் ஆகிய இருவரும் 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் வெறும் சில நூறு, சில ஆயிரம் துகள்களை வைத்து இந்த வழியைத் திறந்தார்கள்.

முறை எளிமையானது. கலத்தைச் சுற்றியுள்ள வெளியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்று கூட்ட வேண்டும். அதிலிருந்து ஒவ்வோர் இடத்தின் மின்னழுத்தத்தையும் கணக்கிட வேண்டும். அந்த அழுத்தம் ஒவ்வொரு மூட்டையையும் எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்த்து, கொஞ்சம் நகர்த்த வேண்டும். நகர்ந்ததும் கட்டங்களின் கணக்கு மாறிவிடும். மறுபடியும் கூட்ட வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான முறை.

வேகமான அயனியும் மெதுவான அணுவும் எலக்ட்ரானைக் கைமாற்றிக்கொள்ளும் நிகழ்ச்சிக்குப் பகடை உருட்டுவது போன்ற ஒரு முறை. சிட்னி பல்கலைக்கழகத்தின் கிரேம் பேர்ட் 1963-இல் மிக மெல்லிய வாயுக்களுக்காக உருவாக்கிய வழி அது. இரண்டையும் இணைத்தபோது, இயந்திரத்தின் வாயிலிருந்து கிளம்பும் பிளாஸ்மா கலத்தைச் சுற்றி எப்படி வளைகிறது என்பதைத் திரையில் பார்க்க முடிந்தது.

ரஷ்யாவிலிருந்து வந்த இயந்திரம்

சோவியத் யூனியனில் வேறு பாதை. குர்ச்சாத்தவ் நிலையத்தில் அலெக்சி மொரோசோவ் தலைமையில் துளைத்தட்டே இல்லாத இயந்திரம் ஒன்று உருவானது. காந்தப்புலம் எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்க, அவற்றின் மின்புலம் அயனிகளை வெளியே தள்ளும். 1971 டிசம்பரில் ஏவப்பட்ட மீட்டியோர் வானிலைச் செயற்கைக்கோளில் இது முதன்முதலாகப் பறந்தது. பிறகு பல சோவியத் செயற்கைக்கோள்களில் சத்தமில்லாமல் உழைத்தது. ஹால் இயந்திரம் என்று உலகம் அதை அழைக்கிறது.

பனிப்போர் முடிந்த 1990-களில் மேற்கத்திய நிறுவனங்கள் இதை வாங்க முன்வந்தன. அப்போது ஒரு தயக்கம் எழுந்தது. ஹால் இயந்திரத்தின் கற்றை குறுகலாகப் போவதில்லை. விசிறிபோல் விரியும். பல மில்லியன் வெள்ளி மதிப்புள்ள தொலைத்தொடர்பு செயற்கைக்கோளின் நீண்ட சூரியத் தகடுகளில் அது பட்டால் என்ன ஆகும்? 15 ஆண்டு உழைக்க வேண்டிய தகடு அதற்குள் தேய்ந்துவிடுமா?

வெற்றிட அறையில் அளந்து பார்க்கலாம் என்றால், மீண்டும் அந்தச் சுவர் குறுக்கே வந்தது. எவ்வளவு சக்திவாய்ந்த பம்ப் வைத்தாலும், இயந்திரம் வெளிவிடும் வாயு முழுவதையும் அறையிலிருந்து நீக்க முடியாது. மிஞ்சிய வாயுவால் எலக்ட்ரான் கைமாற்றம் கூடும். விண்வெளியில் இருப்பதைவிட அதிகமான மெதுவான அயனிகள் அறைக்குள் உண்டாகும். போதாததற்கு, சுவரிலிருந்தே பொருள் பெயர்ந்து இயந்திரத்தின் மேல் படியும். தேய்மானத்தை அது மறைத்துவிடவும் கூடும். 1964-இல் எலக்ட்ரான் கொடுத்துக் குழப்பிய அதே சுவர், 30 ஆண்டு கழித்து வாயுவைத் திருப்பி அனுப்பிக் குழப்பியது.

இந்த நிலையில்தான் கணினி ஒத்திகை கட்டாயமானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேனியல் ஹேஸ்டிங்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் 1990-களில் அயனி இயந்திரம், ஹால் இயந்திரம் இரண்டுக்கும் இத்தகைய கணக்கைச் செய்தார்கள். முதலில் வெற்றிட அறையைக் கணினிக்குள் அமைத்து, அளவீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒத்துப்போனால், அறையின் வாயுவைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, விண்வெளியில் எப்படி இருக்கும் என்று கேட்பது. கணினிக்குள் சுவரை எடுத்துவிடலாம். ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாத காரியம் அது. இதே ஹேஸ்டிங்ஸ் பின்னாளில் சிங்கப்பூர்-எம்.ஐ.டி. ஆய்வுக் கூட்டமைப்புக்குத் தலைமைப் பொறுப்பேற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நாலரை நிமிடமும் 678 நாளும்

கணக்கு சரியா என்று கேட்க விண்வெளியிடம்தான் போக வேண்டும். 1998 அக்டோபர் 24-ஆம் தேதி நாசாவின் டீப் ஸ்பேஸ்-1 ஏவப்பட்டது. கோள்களுக்கு இடையே அயனி இயந்திரத்தையே முதன்மை உந்துவிசையாக நம்பிப் போன முதல் கலம் அது. நவம்பர் 10-ஆம் தேதி இயந்திரத்தை முடுக்கினார்கள். நாலரை நிமிடத்தில் அது நின்றுவிட்டது.

திட்டத்தில் இருந்தவர்களுக்கு அடுத்த இரண்டு வாரம் எப்படிக் கழிந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கோடிக்கணக்கான கிலோமீட்டர் போகவேண்டிய கலத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் துளைத்தட்டுகளுக்கு நடுவே ஏதோ தூசு சிக்கியிருக்கலாம் என்று நினைத்தார்கள். கலத்தைத் திருப்பித் திருப்பி வெயிலிலும் நிழலிலும் காட்டினார்கள். நவம்பர் 24-ஆம் தேதி இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2001 டிசம்பரில் பயணம் முடியும்வரை மொத்தம் 678 நாள் ஓடியது. 2001 செப்டம்பரில் பொரெல்லி என்ற வால்மீனையும் அருகில் சென்று படம் பிடித்தது.

அந்தக் கலத்தில் பிளாஸ்மாவை அளப்பதற்கென்றே ஒரு கருவித் தொகுதி இருந்தது. ஜேபிஎல் ஆய்வு மையத்தில் ஜோசப் வாங் குழுவினர் தங்கள் முப்பரிமாணக் கணினி ஒத்திகையை அந்த அளவீடுகளோடு ஒப்பிட்டார்கள். கலத்தைச் சுற்றியிருந்த பிளாஸ்மாவில் பெரும்பகுதி சூரியனிலிருந்து வந்ததல்ல, இயந்திரத்தின் மெதுவான அயனிகளே என்பது உறுதியானது. கணிப்பும் அளவீடும் நெருங்கி நின்றன. இயந்திரத்தை நேராகப் பார்க்கும் உணரியில் உலோகப் படிவு அதிகம். மறைவில் இருந்த உணரியில் மிகக் குறைவு. ஆனாலும் அங்கும் படிந்திருந்தது. மூலைமுடுக்கிலும் வளைந்து வரும் என்று கணக்கு சொன்னது பொய்யில்லை.

நிலவுக்குப் போன வழியில் ஒரு புதிர்

ஐரோப்பியர்களுக்கும் இப்படி ஓர் அனுபவம் கிடைத்தது. 2003 செப்டம்பர் 27-ஆம் தேதி ஏவப்பட்ட ஸ்மார்ட்-1, ஹால் இயந்திரத்தின் துணையோடு 82 கிலோ செனானில் நிலவுக்குப் போனது. வழியில் பொறியாளர்கள் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள். சூரியத் தகடுகள் திரும்பும்போதெல்லாம் கலத்தின் மின்னழுத்தமும் கூடவே ஏறி இறங்கியது. இயந்திரத்தில் மாற்றமில்லை. பிறகு ஏன்?

விடை ஒத்திகையில் கிடைத்தது. சூரியத் தகட்டில் மின்செல்களை இணைக்கும் சின்னஞ்சிறு உலோக இணைப்புகள் திறந்த நிலையில் இருந்தன. தகடு திரும்பும்போது அவை இயந்திரத்தின் பிளாஸ்மாவை நோக்கியும், அதிலிருந்து விலகியும் போகும். நோக்கும்போது எலக்ட்ரான்களைச் சேகரிக்கும். அதனால் கலம் முழுவதன் மின்னழுத்தமும் மாறும். நகக்கண் அளவுகூட இல்லாத உலோகத் துண்டுகள் சேர்ந்து ஒரு விண்கலத்தையே ஆட்டிவைத்தன. 2006 செப்டம்பர் 3-ஆம் தேதி அக்கலம் நிலவில் மோதிப் பயணத்தை முடித்துக்கொண்டது.

இத்தகைய கணக்குகளுக்காக ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் ஆதரவில், பிரான்சின் ஓனேரா ஆய்வகமும் ஆர்டெனம் நிறுவனமும் 2002 முதல் ஸ்பிஸ் என்ற நிரலை உருவாக்கின. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம் என்று அதைப் பொதுவில் வைத்தார்கள். கணக்கைப் பலரும் சரிபார்த்தால்தான் தவறு வெளிப்படும் என்பது நல்ல எண்ணம்.

ஜப்பானியக் கலம் காட்டிய துணிவு

செர்ட்-1 கேட்ட பழைய கேள்வி, 45 ஆண்டு கழித்து மறுபடியும் உயிர்ப் பிரச்சினையாக வந்தது. 2003 மே மாதம் ஏவப்பட்ட ஜப்பானின் ஹயபுசா, இடோகாவா என்ற சிறுகோளுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. 2009 நவம்பரில் அதன் நான்கு அயனி இயந்திரங்களும் ஏறக்குறைய கைவிட்டன. ஒன்றில் அயனி மூலம் நன்றாக இருந்தது. ஆனால் எலக்ட்ரான் உமிழும் பகுதி கெட்டுவிட்டது. இன்னொன்றில் எலக்ட்ரான் பகுதி நன்றாக இருந்தது. அயனி மூலம் சரியில்லை.

இரண்டையும் சேர்த்து ஓர் இயந்திரமாக ஓட்டினால் என்ன? குனினாக்கா ஹிதோஷி குழுவினர் இதற்கான சிறு மின்இணைப்பு ஒன்றை ஏவுவதற்கு முன்பே உள்ளே வைத்திருந்தார்கள். ஓர் இயந்திரம் அயனிகளைப் பாய்ச்ச, தள்ளியிருந்த இன்னோர் இயந்திரம் எலக்ட்ரான்களை உமிழ்ந்தது. நடுவே இருந்த பிளாஸ்மா வழியாக எலக்ட்ரான்கள் கற்றையைத் தேடிச் சேர்ந்தன. சுவர் இல்லை, கம்பி இல்லை. 2010 ஜூன் 13-ஆம் தேதி ஹயபுசாவின் பெட்டகம் ஆஸ்திரேலியாவின் வூமரா பாலைநிலத்தில் இறங்கியது. சிறுகோள் ஒன்றின் துகள்கள் மனிதர் கைக்கு வந்தது அதுவே முதல் முறை.

கணக்கு சொல்லாததும் உண்டு

இவ்வளவு வெற்றிகளைப் பார்த்த பிறகு, கணினியே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. எலக்ட்ரான், செனான் அயனியைவிட ஏறக்குறைய 240,000 மடங்கு லேசானது. அது ஓடும் வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கணக்குப் போட்டால், ஒரு சிறு ஒத்திகைக்கே மிக நீண்ட காலம் பிடிக்கும். ஆகவே பெரும்பாலான ஒத்திகைகளில் அயனிகளைத் துகள்களாகவும், எலக்ட்ரான்களை ஒரு திரவம் போலவும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் திரவத்தின் வெப்பநிலையைப் பயன்படுத்துபவர்தான் தீர்மானிக்கிறார். அதைக் கொஞ்சம் மாற்றினால், பின்னோக்கி வரும் அயனிகளின் கணக்கும் மாறும். சுவர் ஆய்வுக்கூடத்தில் குழப்புவது போல, அனுமானம் கணினிக்குள் குழப்பும்.

அதனால்தான் பொறுப்புள்ள பொறியாளர்கள் மூன்றையும் விடுவதில்லை. தரையில் சோதனை, கணினியில் ஒத்திகை, விண்வெளியில் அளவீடு. டீப் ஸ்பேஸ்-1 இயந்திரத்தின் மாற்று இயந்திரத்தை ஜேபிஎல் வெற்றிட அறையில் 30,352 மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். 2003-இல்தான் அந்தச் சோதனை முடிந்தது. நாஸ்கேப் நிரலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஐரா காட்ஸ் உள்ளிட்டோர், துளைத்தட்டு எப்படித் தேயும் என்பதை அதே காலத்தில் கணினியில் கணக்கிட்டார்கள். அந்த இயந்திரத்தின் வகையைச் சேர்ந்தவற்றோடுதான் டான் விண்கலம் 2007-இல் கிளம்பி, வெஸ்டா, செரிஸ் ஆகிய இரண்டு உலகங்களைச் சுற்றிவந்து, 2018-இல் பணியை முடித்தது. 2023 அக்டோபரில் ஏவப்பட்ட சைக்கி கலம், ஹால் இயந்திரத்தை நிலவுக்கு அப்பால் கொண்டுபோன முதல் கலம்.

சிறிய நாடுகளுக்கும் இதில் இடம் உண்டு. 2023 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி56 ராக்கெட் ஏற்றிச் சென்ற ஏழு சிங்கப்பூர் செயற்கைக்கோள்களில் ஒன்று ஆர்ப்-12 ஸ்டிரைடர். சிறிய செயற்கைக்கோள்களுக்கு ஹால் இயந்திரம் செய்யும் அலியேனா என்ற சிங்கப்பூர் நிறுவனம் உருவாக்கியது அது. சிறிய செயற்கைக்கோளில் இயந்திரமும் சூரியத் தகடும் கேமராவும் சில சாண் இடைவெளிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். மெதுவான அயனிக்கு வளைந்து போக வேண்டிய தூரமே இல்லை. பெரிய கலத்தைவிட இங்கேதான் ஒத்திகை அதிகம் தேவை.

இந்தத் துறைக்கு வரும் நம் இளைஞர்களுக்கு இயற்பியலும் கணிதமும் நிரல் எழுதும் திறனும் வேண்டும். அவற்றோடு இன்னொன்றும் வேண்டும். திரையில் அழகாக விரியும் வண்ணப் படத்தைப் பார்த்து மயங்கிவிடாமல், இதில் எங்கே சுவர் ஒளிந்திருக்கிறது என்று கேட்கும் பழக்கம். 1964-இல் காஃப்மன் கூட்டத்தார் தங்கள் இயந்திரம் நன்றாக ஓடிய பிறகும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 31 நிமிடத்துக்காக ஒரு ராக்கெட்டையே அனுப்பினார்கள்.